வெள்ளி முலாமிட்ட ஜேர்மன் கரண்டிகளும் அவற்றின் உற்பத்தியாளர் குறிகளும்: ஒரு விளக்கம்

1

1849 ஆம் ஆண்டு மே மாதத்தில், கொலோன் நகரிற் கார்ல் மார்க்ஸ் ஆசிரியராயிருந்து நடத்திய 'நொயே ரைனிஷே சைத்துங்' என்னும் நாளேடு நிறுத்தப்பட்டது. பிரஷ்ய அரசு அவரை நாட்டைவிட்டு வெளியேறுமாறு பணித்தது. அவ்வேளையில் ஜென்னி மார்க்ஸ் தம்மிடம் எஞ்சியிருந்த வெள்ளிப் பொருள்களைப் பிராங்பேர்ட் நகருக்குக் கொண்டுசென்று ஈடுவைத்தார். அடுத்த ஆண்டு இலண்டனிலிருந்து யோசெப் வைடமையருக்கு எழுதிய கடிதத்தில் அவரே இதனைக் குறிப்பிட்டுள்ளார்.

மார்க்சின் வரலாற்றை எழுதுவோர் இச்செய்தியை அவரது குடும்பத்தின் வறுமைக்குச் சான்றாகக் காட்டுவர். நாம் இங்கு அதனைப் பிறிதொரு கேள்விக்குத் தொடக்கமாகக் கொள்கிறோம். அவ்வெள்ளி ஏன் ஈடுவைக்கத் தக்கதாயிருந்தது? அது உள்ளும் புறமும் வெள்ளியாயிருந்தது என்பதே விடை. உணவு உண்பதற்கான கருவி என்ற வகையில் வெள்ளிக் கரண்டிக்கும் வெள்ளி முலாமிட்ட கரண்டிக்கும் வேறுபாடு இல்லை. இரண்டும் ஒரே பயன்பெறுமதியை உடையன. ஈட்டுக்கடைக்காரன் முன் அவை வைக்கப்படும்போதே இரண்டும் பிரிகின்றன. அவன் கரண்டியைப் புரட்டி, தண்டின் பின்புறத்தைப் பார்க்கிறான். அங்குள்ள சில சிறு பொறிப்புகள் ஒன்றை ஏற்கவும் மற்றதைத் திருப்பிக் கொடுக்கவும் அவனுக்குப் போதுமானவை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேர்மன் தொழிற்சாலைகள் வெள்ளி முலாமிட்ட கரண்டி, முள்ளுக்கரண்டி, கத்தி ஆகியவற்றைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்து உலகச் சந்தைக்கு அனுப்பின. இன்றும் பழம்பொருட் கடைகளிலும் குடும்பச் சேகரிப்புகளிலும் அவை காணப்படுகின்றன. அவற்றிலுள்ள குறிகள் பெரிதும் பிழையாக வாசிக்கப்படுகின்றன. இலக்கங்களை வெள்ளியின் தூய்மையாகவும், விலங்குருவங்களை வெறும் அலங்காரமாகவும், 'அல்பாக்கா' என்னும் சொல்லை ஒருவகை வெள்ளியின் பெயராகவும் கொள்வோர் பலர். இக்குறிகளை எவ்வாறு வாசிப்பது என விளக்குவதும், அவை எச்சமூக உறவுகளின் விளைவாகத் தோன்றின எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். இவ்விரண்டையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்துச் செய்ய இயலாது என்பதே நமது நிலைப்பாடு.

2

முலாமை அறிவதற்கு முன் முலாமின் கீழுள்ள உலோகத்தை அறிதல் வேண்டும். 'ஜேர்மன் வெள்ளி' எனப்படுவதில் வெள்ளி சிறிதும் இல்லை. அது பெரும்பங்கு செம்பும், எஞ்சிய பங்கு நிக்கலும் நாகமும் சேர்ந்த கலப்புலோகமாகும். இத்தகைய வெண்ணிறக் கலப்புலோகத்தைச் சீனர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். அது 'பக்தோங்' என்ற பெயரில் ஐரோப்பாவுக்கு இறக்குமதி செய்யப்பட்டது.

பிரஷ்யாவின் கைத்தொழில் மேம்பாட்டுச் சங்கம், வெள்ளிபோற் தோன்றுவதும் மலிவானதுமான கலப்புலோகம் ஒன்றை ஆக்குவோருக்குப் பரிசு வழங்குவதாக அறிவித்தது. 1823 இல் சக்சனி நாட்டின் ஷ்னேபேர்க் நகரில் ஏர்ன்ஸ்ட் ஓகுஸ்ட் கைட்னர் என்பவர் அத்தகைய உலோகத்தை ஆக்கி அதற்கு 'அர்கென்டான்' எனப் பெயரிட்டார். ஏறத்தாழ அதே காலத்திற் பேர்லினில் ஹென்னிகர் சகோதரர்கள் ஆக்கியது 'நொய்சில்பர்', அதாவது 'புதுவெள்ளி', எனப்பட்டது. சக்சனியின் மலைப்பகுதியில் நீலச்சாயத் தொழிலுக்காகக் கோபாற்றுத் தாது பயன்படுத்தப்பட்டபோது, நிக்கல் செறிந்த எச்சம் பயனற்றதாக ஒதுக்கப்பட்டு வந்தது. கைட்னரின் கண்டுபிடிப்பு அவ்வெச்சத்தை விலைபோகும் மூலப்பொருளாக்கியது. 1829 இல் அவர் ஔவே நகரை அடுத்த ஔவர்ஹம்மரிற் தமது உற்பத்தியைத் தொடங்கினார். ஔவே பின்னர் ஜேர்மன் கரண்டிக் கைத்தொழிலின் முக்கிய நிலையங்களுள் ஒன்றாயிற்று.

இரண்டாவது மாற்றம் மின்சாரத்தால் ஏற்பட்டது. 1840 இல் பேர்மிங்காம் நகரின் எல்கிங்டன் கம்பனி மின்முலாமிடலுக்கான ஆக்கவுரிமையைப் பெற்றது. சயனைட்டுக் கரைசலில் வெள்ளியைக் கரைத்து, மின்னோட்டத்தின் துணையால் அதனைப் பிறிதோர் உலோகத்தின்மேற் படியச் செய்வதே இம்முறை. 1842 இல் பிரஷ்யப் படை அதிகாரியாயிருந்த வேர்னர் சீமென்ஸ் பொன்முலாமும் வெள்ளிமுலாமும் இடுவதற்கான பிரஷ்ய ஆக்கவுரிமையைப் பெற்றார். புதுவெள்ளித் தேக்கரண்டி ஒன்று கரைசலுள் சில நிமிடங்களிற் பொற்கரண்டியாகிய பரிசோதனையை அவர் தமது நினைவுக்குறிப்புகளில் விவரித்துள்ளார். அவருடைய தம்பி வில்லியம் அம்முறையை 1843 இல் எல்கிங்டன் கம்பனிக்கு 1500 பவுணுக்கு விற்றார். மின்பொறியியற் பேரரசொன்றின் முதல் மூலதனத்துள் ஒரு கரண்டியின் முலாமும் அடங்கியிருந்தது.

மூன்றாவது மாற்றம் இயந்திரத்தாலானது. தட்டாரின் சுத்தியல் செய்த வேலையை உருளைகள் செய்யத் தொடங்கின. உலோகத் தகட்டை உருளைகளினூடே செலுத்தி, கரண்டியின் வடிவத்தையும் அலங்காரத்தையும் ஒருங்கே பொறிக்கும் பொறியைக் குறுப் குடும்பத்தினர் விருத்தி செய்தனர். 1843 இல் அல்பிரட் குறுப்பும் வியன்னாவைச் சேர்ந்த அலெக்சாண்டர் ஷோலரும் கூட்டாக ஒஸ்திரியாவின் பேர்ண்டோர்வ் என்னுமிடத்திற் தொழிற்சாலையை நிறுவினர். கரண்டி உருளையின் பிரித்தானிய உரிமையும் எல்கிங்டன் கம்பனிக்கே விற்கப்பட்டது. அப்பணம் எசன் நகரிலிருந்த குறுப்பின் உருக்காலை விரிவடைய உதவிற்று. பின்னாளில் அவ்வாலை எதற்குப் பெயர்பெற்றது என்பதைப் பீரங்கிகளின் வரலாறு கூறும்.

ஆக, கழிவுப்பொருளாயிருந்த நிக்கல், மின்முலாம், உருளைப்பொறி ஆகிய மூன்றும் இணைந்தே முலாமிட்ட கரண்டியைச் சாத்தியமாக்கின. நிலமானியக் குடும்பங்களின் மேசையைப் பார்த்துத் தன் மேசையை அமைக்க விரும்பிய நகர்ப்புற மத்தியதர வர்க்கம் அதன் நுகர்வோராயிற்று. வெள்ளியின் தோற்றம் பரவலாயிற்று, வெள்ளி பரவலாகவில்லை. இவ்விடைவெளியிலேதான் குறிகளுக்கான தேவை பிறந்தது.

3

குறிகளுள் மிகுதியும் தவறாகக் கொள்ளப்படுவது இலக்கமாதலின் அதனையே முதலில் நோக்குவோம்.

ஜேர்மன் முலாமிட்ட கரண்டிகளில் '90' என்ற இலக்கம் மிகப் பரவலாகக் காணப்படுவது. இது நூற்றுக்குத் தொண்ணூறு வீதம் வெள்ளி என்றோ, ஆயிரத்தில் 900 பங்கு தூய்மை என்றோ பொருள்படாது. 24 சதுர தெசிமீற்றர் பரப்பின்மேல் 90 கிராம் வெள்ளி படியவைக்கப்பட்டுள்ளது என்பதே அதன் பொருள். 24 சதுர தெசிமீற்றர் என்பது பன்னிரண்டு மேசைக்கரண்டிகளும் பன்னிரண்டு முள்ளுக்கரண்டிகளும் சேர்ந்த மேற்பரப்பாகக் கணிக்கப்பட்டது. எனவே '90' என்பது உலோகத்தின் தரத்தைக் குறிப்பதன்று. முலாமின் தடிப்பைக் குறிப்பது.

பல கரண்டிகளில் இதனை அடுத்து இரண்டாவது இலக்கமொன்றும் இருக்கும். மேசைக்கரண்டியிலும் முள்ளுக்கரண்டியிலும் அது பெரும்பாலும் '45' ஆகும். அவ்வகைப் பொருளில் ஒரு டசினின்மேல் உள்ள மொத்த வெள்ளியின் நிறையை அது கிராமிற் தருகிறது. பன்னிரண்டு கரண்டிகளும் பன்னிரண்டு முள்ளுக்கரண்டிகளும் 90 கிராமைப் பகிர்ந்துகொள்வதால், ஒரு டசினுக்கு 45 கிராம் ஆகிறது. பரப்பிற் சிறிய கோப்பிக் கரண்டிகளில் முதல் இலக்கம் 90 ஆகவே இருக்க, இரண்டாவது இலக்கம் அதற்கேற்பக் குறையும்.

இக்கணக்கைச் சற்று நீட்டிப் பார்த்தல் பயனுடையது. ஒரு கன சென்ரிமீற்றர் வெள்ளியின் நிறை ஏறத்தாழ 10.5 கிராம். அதன்படி 90 கிராம் வெள்ளி 2400 சதுர சென்ரிமீற்றரின்மேல் சீராகப் படிந்தால் அதன் தடிப்பு ஏறத்தாழ 0.036 மில்லிமீற்றர் ஆகும். ஒரு மேசைக்கரண்டியின்மேல் உள்ள வெள்ளி 3.75 கிராம். இதற்கெதிராக, ஆயிரத்தில் 800 பங்கு தூய்மையுடைய 60 கிராம் நிறைகொண்ட வெள்ளிக் கரண்டியொன்றை எடுத்தால், அதில் 48 கிராம் வெள்ளி உண்டு. பார்வைக்கு ஒன்றுபோற் தோன்றும் இரு கரண்டிகளுக்கிடையே உள்ள வெள்ளியின் விகிதம் ஒன்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேலாகிறது. ஈட்டுக்கடைக்காரன் கரண்டியைப் புரட்டிப் பார்ப்பதன் பொருள் இதுவே.

'90' இனை விட மிகுந்த இலக்கங்களும் குறைந்த இலக்கங்களும் உள்ளன. '100' என்பது சற்றுத் தடித்த முலாம். 1874 இல் தொடங்கிய பிளென்ஸ்பேர்க் நகரின் றொப்பே உண்ட் பேர்க்கிங் என்னும் நிறுவனம் '150' என்னும் அளவைப் பயன்படுத்துவது அறியப்பட்டது. '40', '60' போன்றவை மலிந்த தரங்களைக் காட்டும். நாட்பட்ட பாவனையிற் கரண்டிக் கிண்ணத்தின் அடியும் முள்ளுக்கரண்டியின் நுனிகளுமே முதலிற் தேயும். அங்கு மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தலைகாட்டினால், உள்ளிருக்கும் புதுவெள்ளி வெளிப்பட்டுவிட்டது எனக் கொள்ளலாம். சில உற்பத்தியாளர் இவ்விடங்களில் மட்டும் கூடுதலாக வெள்ளியைப் படியச்செய்தனர். காந்தத்தைக் கொண்டு சோதிப்பது பயன்தராது. வெள்ளியையோ புதுவெள்ளியையோ காந்தம் கவர்வதில்லை.

4

இனி, முலாமின் இலக்கத்தை வெள்ளியின் இலக்கத்திலிருந்து பிரித்தறிவதற்குச் சட்டவாக்கத்தை நோக்குதல் வேண்டும்.

ஜேர்மன் நாடுகளிற் பழைய தூய்மை அளவை 'லோத்' எனப்பட்டது. தூய வெள்ளி 16 லோத் ஆகும். எனவே '12' என்பது ஆயிரத்தில் 750 பங்கினையும், '13' என்பது 812.5 பங்கினையும் குறிக்கும். தனியே '12' அல்லது '13' என்னும் இலக்கத்தை நகரமுத்திரையுடன் தாங்கிய கரண்டி, பெரும்பாலும் உள்ளும் புறமும் வெள்ளியாலான பழைய கரண்டியாகும். 1871 இல் ஜேர்மனி ஒன்றிணைக்கப்பட்டபின் தேசியச் சந்தைக்குப் பொதுவான அளவை தேவைப்பட்டது. 1884 ஆம் ஆண்டு யூலை 16 இல் நிறைவேற்றப்பட்டு 1888 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், தூய்மையை ஆயிரத்தின் பங்குகளிற் குறிக்கவேண்டும் என விதித்தது. ஆயிரத்தில் 800 பங்கும் அதற்கு மேலும் வெள்ளி கொண்ட பாத்திரங்களிலும் கரண்டிகளிலும் பிறைநிலாவும் பேரரசின் முடியும் பொறிக்கப்பட்டன.

இவ்விடத்து ஒரு வேறுபாட்டை மனங்கொளல் வேண்டும். இங்கிலாந்திற் குறிபொறிப்பது உற்பத்தியாளனிடமிருந்து வேறான மதிப்பீட்டு நிலையத்தின் பணி. ஜேர்மனியிலோ 1888 இன் பின்னர் உற்பத்தியாளனே பிறையையும் முடியையும் பொறித்தான். பொறிப்பு உண்மையாயிருத்தலுக்கு அவனே சட்டப்படி பொறுப்பாளியானான். எனவே பிறையும் முடியும் மட்டும் கொண்டு பொருளின் ஊரையோ ஆண்டையோ அறிய முடியாது. ஆயினும் அவை இருப்பது வெள்ளிக்குச் சான்று. 90, 45 என்பன மட்டும் இருந்து, 800 முதலான இலக்கமோ பிறையும் முடியுமோ இல்லாதிருப்பது முலாமுக்குச் சான்று.

இரண்டாவது சட்டத்தொகுதி வணிகக் குறிகளைப் பற்றியது. 1874 ஆம் ஆண்டு நவம்பர் 30 இன் குறிப்பாதுகாப்புச் சட்டம் உருவங்களையே பாதுகாத்தது. சொற்களையோ எழுத்துகளையோ இலக்கங்களையோ மட்டும் கொண்ட குறியைப் பதிய அது இடமளிக்கவில்லை. 1894 ஆம் ஆண்டு மே 12 இன் சட்டமே சொற்குறிகளுக்கும் பாதுகாப்பளித்தது. ஜேர்மன் உலோகப் பொருள்களில் விலங்குகளும் பறவைகளும் இத்துணை மிகுதியாக இடம்பெறுவதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம். உருவத்தோடு தொடங்கிய குறி படிப்படியாகச் சொல்லையும் பெயரையும் துணைக்கொண்டது.

மூன்றாவதாக, ஆக்கவுரிமைச் சுருக்கங்கள் காலத்தைக் கணிக்க உதவுவன. 'டீ.ஆர்.பீ.' என்பது ஜேர்மன் பேரரசின் ஆக்கவுரிமை. அதற்கான சட்டம் 1877 இல் வந்தது. 'டீ.ஆர்.ஜீ.எம்.' என்பது பேரரசின் பாவனைமாதிரிப் பதிவு. அதன் சட்டம் 1891 இல் வந்தது. எனவே இச்சுருக்கத்தைத் தாங்கிய பொருள் 1891 இற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. இவ்விரண்டும் 1945 இற் பேரரசோடு முடிவுற்றவை. 'கெஸ். கெஷ்.' என்னும் சுருக்கம் 'சட்டத்தாற் பாதுகாக்கப்பட்டது' என்று மட்டுமே பொருள்படுவதால் காலக்கணிப்புக்கு அதனைத் தனித்து நம்புதல் கூடாது. அதனை ஒரு கம்பனியின் பெயரென மயங்கியோரும் உளர்.

நான்காவது சட்டம் ஜேர்மனியினதன்று. 1876 இல் பிலடெல்பியாக் கண்காட்சியைப் பார்வையிட்ட பொறியியலறிஞர் பிரான்ஸ் றொய்லோ, ஜேர்மன் பண்டங்கள் மலிவும் இழிவுமானவை எனத் தம் நாட்டவர்க்கு எழுதியது பெரும் சர்ச்சையைக் கிளப்பிற்று. ஷெபீல்ட் நகரின் கத்தி உற்பத்தியாளரோ, சோலிங்கன் நகரின் கத்திகள் தமது குறிகளைப் போலிசெய்து விற்கப்படுவதாக முறையிட்டனர். 1887 இற் பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய வணிகக்குறிச் சட்டத்தின் விளைவாக, அந்நியப் பண்டங்கள் பல தோன்றிய நாட்டின் பெயரைத் தாங்கிவரலாயின. இழிவின் அடையாளமாக விதிக்கப்பட்ட 'மேட் இன் ஜேர்மனி' என்னும் தொடர், சில பத்தாண்டுகளிற் பெருமையின் அடையாளமாயிற்று. கரண்டியொன்றில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பின், அது ஏற்றுமதிக்காக ஆக்கப்பட்டது என ஊகிக்கலாம். 'யூ.எஸ். வலயம்' என்னும் சேர்க்கை இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆக்கிரமிப்புக் காலத்தைச் சுட்டும்.

5

இனி உற்பத்தியாளரின் சின்னங்களுக்கு வருவோம். இத்தகைய நிறுவனங்கள் பல. முதன்மையான சிலவற்றை மட்டும் இங்கு நோக்குவோம்.

டபிள்யூ.எம்.எவ். என்னும் எழுத்துகள் வேர்ட்டம்பேர்க் உலோகப்பொருட் தொழிற்சாலையைக் குறிப்பன. 1853 இல் டானியல் ஷ்ட்றவுப், ஷ்வைற்சர் சகோதரர்களுடன் சேர்ந்து கைஸ்லிங்கன் நகரில் நிறுவிய தொழிற்சாலையும், எஸ்லிங்கன் நகரின் றிட்டர் கம்பனியும் 1880 இல் இணைந்தமையால் இது தோன்றியது. சிறு பட்டறைகள் பெருமூலதனத்துள் ஒன்றுகுவிந்த காலத்தின் குழந்தை இது. இதன் பழைய பொருள்களில் தீக்கோழியின் உருவம் காணப்படும். கரண்டிகளில் கம்பனியின் எழுத்துகளும் முலாமின் இலக்கங்களும் சேர்ந்திருக்கும். இதே கம்பனி 1927 இல் 'குறோமார்கன்' என்னும் பெயரை ஒருவகைத் துருப்பிடியா உருக்குக்காகப் பதிவுசெய்தது. அப்பெயருள்ள கரண்டியில் வெள்ளி இருக்குமென எதிர்பார்த்தல் கூடாது.

பேர்ண்டோர்வ் தொழிற்சாலையின் சின்னம் கரடி. 'அல்பாக்கா' என்னும் வணிகப்பெயர் இத்தொழிற்சாலைக்குரியதாயிருந்து, காலப்போக்கிற் புதுவெள்ளிக்கான பொதுப்பெயராகவே ஆகிவிட்டது. ஆகவே 'அல்பாக்கா' எனப் பொறிக்கப்பட்ட கரண்டியெல்லாம் பேர்ண்டோர்வினது அன்று. பேர்ண்டோர்வின் பொருள்கள் ஒஸ்திரியாவில் ஆக்கப்பட்டவை என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஜேர்மன் மொழிச் சொற்களைக் கண்டவுடன் ஜேர்மன் நாட்டுப் பொருள் என முடிவுசெய்தல் பிழையாகும். இதன் மறுதலையும் உண்டு. பிரெஞ்சுக் கம்பனியான கிறிஸ்தோபிளின் சின்னம் துலாக்கோல். அக்கம்பனி ஜேர்மனியின் கார்ல்ஸ்றூ நகரிலும் தொழிற்சாலை வைத்திருந்தது. மூலதனத்துக்கு எல்லைகள் இல்லை என்பதற்குக் கரண்டித் தண்டும் சான்றாகிறது.

ஔவே நகரின் ஓகுஸ்ட் வெல்னர் புதல்வர் கம்பனியின் சின்னங்களுள் யானை நன்கறியப்பட்டது. சோவியத் வலயத்துட்பட்ட சக்சனியில் 1946 யூன் 30 இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பின் பின், போர்க்குற்றவாளிகளினதும் நாசிகளினதும் தொழில் நிறுவனங்கள் பொதுவுடைமையாக்கப்பட்டன. வெல்னர் தொழிற்சாலையும் மக்கள் உடைமையாகி, 'ஏ.பீ.எஸ்.' என்னும் புதிய எழுத்துகள் தோன்றின. ஒரே நகரின் ஒரே பட்டறையில் ஆக்கப்பட்ட இரு கரண்டிகளின் குறிகளிடையே ஒரு சமூக மாற்றம் கிடக்கிறது.

வட ஜேர்மனியின் பிறேமன் நகரம் பிறிதொரு நிலையம். 1810 இல் தொடங்கிய வில்கென்ஸ், 1829 இல் தொடங்கிய கொக் உண்ட் பேர்க்பெல்ட், 1905 இல் நிறுவப்பட்டு 'பீ.எஸ்.எவ்.' என்னும் எழுத்துகளைப் பொறித்த பிறேமன் வெள்ளிப்பொருட் தொழிற்சாலை ஆகியன இங்கு இயங்கின. இத்தகைய நிறுவனங்கள் வெள்ளிக் கரண்டிகளையும் முலாமிட்ட கரண்டிகளையும் ஒருங்கே ஆக்கியதுண்டு. எனவே புகழ்பெற்ற பெயரைக் கண்டமையால் மட்டும் பொருளை வெள்ளியெனக் கொள்ளுதல் தகாது. பெயர் கூறுவது ஒன்று; இலக்கம் கூறுவது வேறொன்று.

கத்திகளைத் தனியே நோக்குதல் வேண்டும். மேசைக்கத்தியின் பிடியை ஒரு கம்பனியும் அலகைச் சோலிங்கனைச் சேர்ந்த பிறிதொரு கம்பனியும் ஆக்குவதுண்டு. இரண்டிலும் வெவ்வேறு குறிகள் இருந்தால் வியப்படைய வேண்டியதில்லை. தொகுதியை ஆக்கியவனைப் பிடியினாலும் கரண்டியினாலுமே அறிதல் வேண்டும். அலகில் 'றொஸ்ற்பிறை', அதாவது 'துருவற்றது', என்னும் சொல் இருப்பின், 1912 இல் துருப்பிடியா உருக்குக்கான குறுப்பின் ஆக்கவுரிமைகள் பதியப்பட்ட பின்னரே அவ்வலகு ஆக்கப்பட்டிருத்தல் வேண்டும். பழைய பிடிகளுக்குப் புதிய அலகு பொருத்தும் வழக்கமும் இருந்தமையால், அலகின் காலத்தைப் பிடிக்கு ஏற்றுதல் கூடாது.

6

மேற்கூறியவற்றைத் தொகுத்து ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கரண்டியொன்றின் தண்டிற் கரடியுருவம், 'அல்பாக்கா' என்னும் சொல், '90' என்பன காணப்படுகின்றன எனக் கொள்க. கைவில்லையினால் முதலில் இலக்கத்தைப் பார்க்கிறோம். 800 முதலான இலக்கமோ பிறையும் முடியுமோ இல்லை. எனவே இது முலாம். அடுத்து உலோகத்தின் பெயர், உள்ளிருப்பது புதுவெள்ளி என்கிறது. மூன்றாவதாகக் கரடி, பேர்ண்டோர்வை நோக்கி நம்மை இட்டுச்செல்கிறது. நான்காவதாக நாட்டின் பெயரோ சட்டச் சுருக்கமோ உண்டா எனத் தேடி, காலத்தின் முன்னெல்லையையும் பின்னெல்லையையும் வகுக்கிறோம். இறுதியாகக் கரண்டியின் வடிவத்தையும் தேய்வையும் இம்முடிவுகளோடு ஒப்பிடுகிறோம்.

இம்முறையில் ஒழுங்கு முக்கியமானது. உருவத்திலிருந்து தொடங்குவோர் விரைவிற் பெயர்களில் மயங்குவர். இலக்கத்திலிருந்து தொடங்குவோர் முதலிற் பொருளை அறிவர். பண்டைய இலக்கியப் பிரதியொன்றின் காலத்தை ஆசிரியனின் பெயரைக்கொண்டு மட்டும் துணியாது, மொழி, நிறுவனங்கள், உற்பத்தி நிலை ஆகியவற்றின் அகச்சான்றுகளால் நாம் துணிகின்றோம். கரண்டியின் குறியும் அவ்வாறே வாசிக்கப்படுதற்குரிய ஒரு பிரதியாகும். கரண்டியில் காணப்படும் எல்லாப் பொறிப்புகளும் உற்பத்தியாளனுடையன அல்ல என்பதையும் சேர்த்துக் கூறல் வேண்டும். விற்பனை செய்த நகைக்கடைக்காரனின் பெயரும், திருமணத்தின்போது வெட்டப்பட்ட உரிமையாளரின் முதலெழுத்துகளும் பின்னர் வந்து சேர்ந்தவை.

7

இதுவரை குறி கூறுவதைக் கண்டோம். குறி கூறாதிருப்பதும் உண்டு.

1939 ஆம் ஆண்டு பெப்ரவரி 21 இல் நாசி அரசு வெளியிட்ட ஆணையொன்று, யூத மக்கள் தம்மிடமுள்ள பொன், பிளாற்றினம், வெள்ளிப் பொருள்களையும் இரத்தினங்களையும் இரண்டு வாரங்களுள் அரசின் கொள்வனவு நிலையங்களில் ஒப்படைக்க வேண்டுமெனக் கட்டளையிட்டது. அந்நிலையங்கள் பெரும்பாலும் நகரசபைகளின் ஈட்டுக்கடைகளே. திருமண மோதிரம் முதலிய சிலவற்றுக்கு மட்டும் விலக்களிக்கப்பட்டது. பாவனையிலிருந்த மேசை வெள்ளியில் ஆளொருவருக்குக் கத்தி, முள்ளுக்கரண்டி, கரண்டி, சிறுகரண்டி ஆகிய நான்கும் கொண்ட இரு தொகுதிகள் விடப்பட்டன. எஞ்சியது அற்ப விலைக்குப் பறிக்கப்பட்டது. அதிற் பெரும்பகுதி உருக்கப்பட்டது. 1884 ஆம் ஆண்டின் சட்டம் நுகர்வோனைப் பாதுகாக்கும் பொருட்டு வகுத்த பிறையும் முடியும் 800 என்னும் இலக்கமும், ஐம்பத்தைந்து ஆண்டுகளின் பின் கொள்ளையின் அளவுகோலாயின. முலாமிட்ட கரண்டி மதிப்பற்றது என விடப்பட்டிருக்கலாம். அதனை வைத்திருந்தோரின் உயிர் விடப்படவில்லை.

1944 இல் கைஸ்லிங்கன் நகரில் நாட்சுவைலர் வதைமுகாமின் கிளைமுகாமொன்று அமைக்கப்பட்டது. அவுஷ்விற்சிலிருந்து கொண்டுவரப்பட்ட ஹங்கேரிய யூதப் பெண்கள் நூற்றுக்கணக்கானோர் டபிள்யூ.எம்.எவ். தொழிற்சாலையிற் போருற்பத்தியிற் கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். அத்தொழிற்சாலையின் மூன்று எழுத்துகளையும் உலகெங்கும் இலட்சக்கணக்கான மேசைகள் அறியும். அப்பெண்களின் பெயர்களுக்கு எந்தத் தண்டிலும் இடமில்லை.

இது போர்க்காலத்தின் கொடுமை மட்டுமன்று எனக் கூறுதல் வேண்டும். அமைதிக்காலத்தின் குறியும் இவ்வகையில் ஊமையே. 1845 இல் வெளியான இங்கிலாந்தின் தொழிலாளர் நிலை பற்றிய நூலில் ஏங்கெல்ஸ், ஷெபீல்ட் நகரில் உலர்சாணையில் வேலை செய்தோரின் சராசரி ஆயுள் முப்பத்தைந்து ஆண்டை அரிதாகவே எட்டியது எனக் காட்டினார். உலோகத்தூள் அவர்களுடைய நுரையீரலை அரித்தது. உருளையை இயக்கியவனும், சயனைட்டுத் தொட்டியின் அருகே நின்றவனும், மெருகிட்டவளும் ஒவ்வொரு கரண்டியிலும் தம் உழைப்பைப் படியவைத்தனர். வெள்ளியின் நிறையைக் கிராமிற் துல்லியமாகக் கூறும் குறி, உழைப்பின் நிறையைக் கூறுவதில்லை. பண்டத்தின்மேற் பொறிக்கப்படும் பெயர் உடைமையாளனின் பெயராக இருப்பதற்கு உற்பத்தி உறவுகளே காரணம்.

இதனால் குறிகளைப் பயில்வது வீணென்று ஆகாது. '90' என்பதை 900 என வாசிக்கும் ஏமாளித்தனத்துக்கும், பெயர்பெற்ற சின்னத்தைக் கண்டு மயங்கும் சேகரிப்பாளர் மோகத்துக்கும் மாற்று, துல்லியமான அறிவே. குறி எதனைக் கூறுகிறது என்பதை ஐயந்திரிபற அறிந்தவரே அது எதனைக் கூறவில்லை என்றும் கேட்க வல்லவர். கரண்டியைப் புரட்டிப் பார்க்கும் வழக்கத்தை ஈட்டுக்கடைக்காரனிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். அவன் இலக்கத்தோடு நின்றுவிடுவான். ஆய்வாளர் அதற்கப்பாலும் செல்லக் கடமைப்பட்டவர்.